கவர் பிரிக்காதவர்

இரண்டு வருடம் என் வீட்டு வரவேற்பறையில் ஒரு நவீன ஓவியத்தை, அதன் மேலிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலேயே மாட்டிவைத்திருந்தேன். இதை நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொல்லும்போது கூடவே வேறு சில விஷயங்களும் வெளியே வரும் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

மாட்டிவைத்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு சொன்னேன். கோடு இழுத்த எவர்சில்வர் தகட்டில் ஒரு சிவப்பு வட்டம், குறுக்கே இரண்டு கறுப்புச் சட்டங்கள், ஓரத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். எல்லாவற்றின் மேலும் லேசான வெண்மை படர்ந்திருக்கும். "வட்டத்தை விடுங்கள், இந்தப் பனிமூட்டம்தான் முக்கியம். வடிவங்கள் இருக்கின்றன, ஆனால் எட்டுவதில்லை. இன்றைய மனிதனின் நிலை இதுதான்" என்று காப்பி ஆற்றிக்கொண்டே சொல்வேன். ஒரு சிற்றிதழில் இந்தப் பனிமூட்டத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். அந்த இதழைப் படிக்கிறவர்கள் எல்லோரும் அதில் எழுதுகிறவர்கள் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

படத்தை வாங்கியது அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வீட்டு அலங்காரக் கண்காட்சியில். அப்பளக் கடைக்கும் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரக் கடைக்கும் நடுவே அந்தக் கடை இருந்தது. ஐரோப்பாவில் எப்போதோ மறைந்துபோன யாரோ வரைந்த ஓவியங்களைத் தகட்டில் அச்சடித்து மாட்டியிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து, பின்பக்கத்துத் திருகாணி கழன்று படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததற்கும் ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டிருந்தேன். அதற்குள் மனைவி ரசீதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்துவிட்டாள். படத்தைச் செய்தவரே நேரில் வந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. கையில் திருப்புளி. படத்தின் முன்னால் வந்து நின்றவர் திருகாணியைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பனிமூட்டம் வேலை செய்கிறது என்று நினைத்து நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கவரே பிரிக்கல" என்றார்.

"எது?"

"மேல கவர் சார். ரெண்டு வருசமா அப்டியே வெச்சிகினு கீறீங்க. நான் எத்தினி பேருக்கு வித்திருப்பேன். அல்லாரும் ஊட்டுக்கு எடுத்துகினு போன அன்னிக்கே உரிச்சிடுறாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் மனுசன்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. முட்டாள் என்று ஒப்புக்கொள்வதா, மனிதன் என்று ஒப்புக்கொள்வதா என்று யோசிக்க எனக்கு ஒரு விநாடிதான் கிடைத்தது. "பத்திரமா இருக்கட்டும்னுதான்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் நட்பு முழுவதும் அந்த ஒரு பொய்யின் மேல்தான் நின்றது. அன்றிலிருந்து என் வீட்டுக் கவரைப் பிரிக்கும் வாய்ப்பும் எனக்கு இல்லாமல் போனது.

பிறகு அம்பத்தூர் எஸ்டேட் என்கிற தொழிற்பேட்டையில் அவருடைய ஷெட்டுக்கு அடிக்கடி போகத் தொடங்கினேன். உலகத்தில் கீறல் விழக்கூடிய எல்லாவற்றிலிருந்தும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு வாழ்ந்தார் என்று சொல்லலாம். மூக்குக்கண்ணாடியின் இடது ஓரத்தில் கடைக்காரர் ஒட்டிய சின்ன எண் அப்படியே இருக்கும். உலகத்தை அவர் ஒரு மூலையில் எண்ணோடுதான் பார்த்தார். ஸ்கூட்டர் சீட்டில் ஷோரூம் கவர். செல்போனில் ஒரு கவர், அந்தக் கவருக்குக் கீறல் விழாமல் இருக்க இன்னொரு கவர். அழைப்பை எடுக்க அவர் அழுத்தி அழுத்திப் பார்ப்பதற்குள் எதிர்முனைக்காரர் பொறுமையிழந்து வைத்துவிடுவார். சுவர்க் கடிகாரமும் கவருக்குள்தான் ஓடியது. மணி பத்தரையா பதினொன்றரையா என்பதை வெயிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷெட் வாசலில் எவர்சில்வரில் அவர் பெயர் பொறித்த பலகையும் உண்டு. அதன் கவர் மஞ்சளித்துப்போய் ஓர் எழுத்தும் தெரியாது. ஆகவே அவர் பெயரைச் சொல்லாமல் எழுதுவதில் எனக்குத் தனியாகச் சிரமம் ஒன்றுமில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால் அவர் தொழிலே கீறுவதுதான். உப்புக்காகித நாடா சுழலும் ஓர் இயந்திரம் வைத்திருந்தார். முகம் தெரியும் பளபளப்போடு ஒரு பக்கம் உள்ளே போகிற தகடு, மறுபக்கம் படிய வாரிய தலை மாதிரி மெல்லிய கோடுகளோடு வெளியே வரும். அதை எடுத்துப்போய்ப் பக்கத்து ஷெட்டில் இருந்த அச்சு இயந்திரத்தில் படுக்கவைத்து ஓவியத்தை அச்சடிப்பார். ஓவியத்தில் எங்கெல்லாம் வெள்ளையோ அங்கெல்லாம் மை விழாது, தகடே தெரியும். கடைசியில் மேலே கவர். நாள் முழுக்கக் கீறிவிட்டு ஒரு கீறலுக்கு இப்படிப் பயப்படுகிறீர்களே என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு கீறல் வுழுந்தா அது பால்ட்டு சார்" என்றார். "லட்சம் கீறல் ஒரே பக்கமா வுழுந்தா அது பினிஷிங்."

அழகியல் பற்றித் தடித்தடியாகச் சில புத்தகங்கள் படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பேனா மூடியைத் தகட்டின் மேல் வைத்துவிட்டேன் என்று அவர் சத்தம் போட்டார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அவரே ஒருநாள் காட்டினார். படங்களுக்கு வருவதற்கு முன் முப்பது வருடம் அவர் செய்தது லிப்டுகளின் உட்பக்கத் தகடு. ஒரு மத்தியானம் என்னைச் சென்னீர்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக்கு ஸ்கூட்டரில் அழைத்துப்போனார். சீட்டுக் கவர் வழுக்கியதால் ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் அவர் முதுகில் மோதியபடி போனேன். அங்கே யார் வீட்டுக்கும் போகவில்லை. லிப்டில் ஏறி, செல்போன் விளக்கை அடித்துச் சுவரைக் காட்டினார். சாவியால் கீறிய பெயர்கள். ஓர் இதயம், அதற்குள் ஓர் ஆணும் பெண்ணும். அந்தப் பெண்ணின் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் வேறொரு பெண். யாரோ ஒருவரின் செல்போன் எண், பிளம்பர் என்ற குறிப்போடு. எல்லாவற்றுக்கும் கீழே, பெரிய எழுத்தில் ஆழமாகக் கீறியிருந்தது: 'இங்கே எழுதக் கூடாது.'

"இத்த எழுதினவன் நல்லவன் சார்" என்றார். "ஆனா அவனும் சாவியாலதான் எழுதிக்கீறான்."

நாங்கள் எட்டாவது மாடிக்கும் தரைத்தளத்துக்குமாக மூன்று முறை போய்வந்தோம். நடுவில் கீரைக்கட்டோடு ஏறிய ஓர் அம்மாள் எந்த வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்கெல்லாம் போகவில்லை, சும்மா மேலும் கீழும் போகிறோம் என்றேன். அவர் அடுத்த மாடியிலேயே இறங்கி, மீதியைப் படியில் ஏறினார்.

"நான் பண்ணதுல ஒண்ணுகூட ஒரு வாரம் தாங்குனது இல்ல" என்றார் அவர், விளக்கை அணைத்தபடி. "நான் இன்னா வேல பண்றேன்னு என் ஊட்டுக்காரி இதுவரிக்கும் பாத்தது இல்ல சார். இட்டுகினு வந்து காட்டலாம்னு நெனைக்கிறதுக்குள்ள எவனாவது எழுதிடுறான்."

அவர் நவீன ஓவியத்துக்கு வந்த வழியும் இதே வழிதான். முதலில் தகட்டில் முருகன் படம் அச்சடித்துப் பார்த்திருக்கிறார். வாங்கியவர்கள் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள், சந்தனம் காய்ந்ததும் ஈரத்துணியால் தேய்த்தார்கள். அருவிப் படம் போட்டார். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார்கள். குடும்பப் படம் கேட்டவருக்கு அதையும் போட்டுக்கொடுத்தார். ஆறே மாதத்தில் மாமியார் முகம் மட்டும் தேய்ந்திருந்தது. அது ஏன் என்று அவர் விசாரிக்கவில்லை. இப்படியே போய் ஒருநாள் யாரோ ஓர் அலுவலகத்துக்காக வட்டமும் சதுரமுமாக ஒரு படம் கேட்க, ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் வைத்தது வைத்தபடி இருந்ததாம். தூசிதான் படிந்திருந்தது, ஒருவரும் கை வைக்கவில்லை.

"புரியாத படம்னா ஜனம் கை வெக்காது சார். இன்னா இதுன்னு கேட்டுட்டு தள்ளி நின்னுக்கும்."

அதன் பிறகு அவர் புரியாத படங்களாகத் தேட ஆரம்பித்தார். புரியவில்லை என்பதை எப்படி உறுதி செய்வது? அதற்கு ஒரு பரிசோதனை வைத்திருந்தார். புதுப்படம் எதுவானாலும் மாதிரிக்கு ஒன்று அச்சடித்து, எஸ்டேட் டீக்கடைச் சுவரில் ஒருநாள் முழுக்க மாட்டிவைப்பார். தானும் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். டீ குடிக்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் "மீனு மாதிரி கீது மாமே" என்று விரலை நீட்டிவிட்டால் முடிந்தது. அந்தப் படம் தள்ளுபடி. ஒரு நீலப் பரப்பும் நடுவே ஒரு கோடும் மட்டுமே இருந்த படத்தைப் பற்றி அவருக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆனால் இரண்டு லாரி டிரைவர்கள் அதைச் செம்பரம்பாக்கம் ஏரி என்று முடிவுகட்டி, தண்ணீர் எதுவரை நின்றபோது மதகைத் திறந்தார்கள் என்று சண்டை போட்டு, கோட்டுக்கு மேலும் கீழும் விரலால் குத்திக் குத்திக் காட்டினார்கள். அதுவும் போனது. என் வீட்டுச் சிவப்பு வட்டம் எப்படித் தேறியது என்று கேட்டேன். ஒரே ஒருவர் மட்டும் அதைப் பார்த்துவிட்டு, "இங்க வண்டி நிறுத்தக் கூடாதா?" என்று கேட்டுத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாராம். தள்ளிப்போனதால் பாஸ்.

ஐரோப்பிய ஓவியர்கள் உருவத்தைக் கைவிட்டு அருவத்துக்கு வர எத்தனை பிரகடனங்கள் எழுதினார்கள், எத்தனை நண்பர்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள் என்றெல்லாம் படித்திருக்கிறேன். இவர் அதே இடத்துக்கு மூன்று டீயில் வந்து சேர்ந்தார்.

இனி நான் செய்த இரண்டாவது காரியத்துக்கு வருகிறேன். திருமுல்லைவாயிலில் எங்கள் குடியிருப்பில் அறுபத்து நாலு வீடு. நுழைவுக்கூடத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறது, ஏதாவது மாட்ட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தது. எழுதுகிறவன் என்ற குற்றத்துக்காக என்னைக் கலைக்குழுவாக நியமித்தார்கள். குழுவில் நான் மட்டும். தலைவர் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர், கோவில்பட்டிக்காரர். சிவப்பு வட்டத்தை ஆறடிக்கு நாலடியாகப் போடலாம் என்று நான் கலையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அவர் என்ன தகடு என்று மட்டும் கேட்டார். முந்நூற்று நாலு கிரேடு என்றேன். "அப்பம் சரி. துருப்பிடிக்காது" என்று கையெழுத்துப் போட்டார். ஓவியர் யாரென்று அவரும் கேட்கவில்லை.

நான் செய்தியைச் சொன்னதும் நம்மவர் ஷெட்டில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். எட்டடி உயரத்தில், எந்தக் கையும் எட்டாத இடத்தில், தான் செய்த ஒரு பொருள் நிற்கப்போகிறது. அதற்கு அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"தொறக்கிற அன்னிக்கு ஊட்டுக்காரிய இட்டுகினு வரேன். கவர உரிச்ச ஒடனே அவ பாத்துடணும் சார், ஒரு கீறல்கூட இல்லாம. அதுக்கப்பறம் எவன் இன்னா பண்ணாலும் பரவால்ல. அதுவரிக்கும் நீங்கதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கவர் பிரிக்காத மனிதன் என்ற தகுதியில் என்னை நம்பினார்.

படத்தை மாட்டினோம். திறப்பு விழா ஆடி மாதம் என்று தள்ளிப்போனது. பிறகு தலைவரின் மகளுக்குப் பிரசவம். பிறகு மழை. பிறகு சிறப்பு விருந்தினருக்குத் தேதி இல்லை. எங்கள் கூடம் மேற்கு பார்த்தது. மூன்று மணிக்கு உள்ளே வருகிற வெயில் அஸ்தமனம் வரை படத்தின் மேலேயே இருக்கும். கவர் போட்ட தகட்டை வெயிலில் வைக்கக் கூடாது, கவர் வெந்து பசையாகிவிடும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கவரை உரித்துவிட்டு ஒரு வேட்டியைப் போர்த்திவைப்போமா என்று நானே கேட்டேன். அவர் ஒரு முழு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். வேட்டியில் தூசி இருக்கும், தூசி கீறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விழா நடந்தது. கூடத்தில் நாற்காலிகள், ஒலிபெருக்கி, ஒரு பெரிய பாத்திரத்தில் காப்பி. சிறப்பு விருந்தினர் வரவில்லை. நம்மவர் மனைவியோடு வந்து சேரட்டும் என்று நான் சொல்லச் சொல்ல, தலைவரே ஏணியில் ஏறிக் கவரின் மூலையை நகத்தால் நெம்பி இழுத்தார். விரல் அகலத்துக்கு ஒரு கீற்று கிழிந்து வந்தது. மீதி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கைதட்டினார்கள். மறுபடி இழுத்தார், மறுபடி ஒரு கீற்று. பத்து நிமிடத்தில் படம் வெயிலில் தோல் உரிந்த முதுகு போல ஆகிவிட்டது.

உடனே ஆளாளுக்கு யோசனை வந்தது. மூன்றாவது மாடியிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது, ஐந்தாவது மாடியிலிருந்து மண்ணெண்ணெய், எங்கிருந்தோ தலைமுடி உலர்த்தும் கருவி. ஐ.டி. வேலையில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்து, சூடு காட்ட வேண்டும் என்று ஒருவரும் சூடு காட்டக் கூடாது என்று இன்னொருவரும் சொன்னார்கள். ஒருவழியாகக் கவர் வந்துவிட்டது, பசை வரவில்லை. பசையில் தூசி ஒட்டி, சிவப்பு வட்டத்துக்கு அம்மை போட்டது மாதிரி இருந்தது. அப்போது அவரிடமிருந்து போன். மனைவியோடு பஸ்ஸில் வருகிறாராம், அம்பத்தூர் ஓ.டி. நிறுத்தம் தாண்டிவிட்டாராம். ஸ்கூட்டரில் ஏன் வரவில்லை என்று கேட்டேன். சீட்டு வழுக்குகிறது, அவள் உட்கார மாட்டாள் என்றார்.

ஓ.டி.யிலிருந்து எங்கள் நிறுத்தத்துக்குக் கால் மணி நேரம்.  படிக்கட்டு பெருக்கிக்கொண்டிருந்த தேவகியைக் கூப்பிட்டு, அந்தப் பசையை மட்டும் கொஞ்சம் எடுத்துவிடும்மா என்று சொல்லிவிட்டு, அவர்களை வழியிலேயே நிறுத்தி ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம் என்று வாசலுக்கு ஓடினேன். தேவகி எங்கள் குடியிருப்பைத் துப்புரவு செய்கிறவர். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஐந்து நிமிடம் கழித்து என்ன ஆயிற்று என்று பார்க்கத் திரும்பி வந்தேன். அவர் ஸ்டூல் மேல் ஏறி, எட்டிய வரைக்கும் வலது கீழ் மூலையை, கையில் கம்பி நாரோடு, அடிப்பிடித்த கடாயைத் தேய்ப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். பசை போய்விட்டது. நேர்கோடுகளின் மேல் இரண்டு முழத்துக்கு வட்டக் கீறல்கள்.

நிறுத்தச் சொன்னேன். நிறுத்தி இறங்கினார். அந்த நேரத்தில் அவர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள்.

அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். அந்த அம்மா தலையில் மல்லிகை, கைக்கடிகாரப் பட்டையில் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட். நம்மவர் படத்தைப் பார்த்தார்.  அவர் கண்ணாடியைக் கழற்றினார். எண் இல்லாமல் அவர் உலகத்தைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். ஸ்டூலில் ஏறி, தேவகி தேய்த்த இடத்தை விரலால் தொட்டார். தான் செய்த தகடு எதையும் அவர் வெறும் விரலால் தொட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தேவகி மேல தப்பு இல்ல. நான்தான் சொன்னேன்" என்றேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்த அம்மா கிட்டே வந்து அண்ணாந்து நின்றார். "இத்தான் நீ பண்ணதா?"

"ம்."

"அல்லாமே நீதானா?"

 அந்த அம்மா இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே வந்து மூலையில் நின்றார்.

"இந்த மூலைதான் நல்லா கீது" என்றார். "எங்கம்மா எனக்குக் குடுத்துச்சே தாம்பாளம், அதுல இப்டிதான் சுத்து சுத்தா கோடு இருக்கும். மத்ததெல்லாம் ஆஸ்பத்திரி லிப்டு மாதிரி கீது."

 நம்மவர் ஆஸ்பத்திரி லிப்டுகள் நிறையச் செய்திருக்கிறார். சற்று நேரம் மூலையையும் மற்ற பகுதியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கித் தேவகியிடம் கையை நீட்டினார். தேவகி பயந்துபோய்க் கம்பி நாரைக் கொடுத்தார். அவர் அதை இரண்டாகப் பிய்த்து, சலவைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, ஏணியில் ஏறி மேல் மூலையிலிருந்து தேய்க்க ஆரம்பித்தார். வட்டம் வட்டமாக. வாழ்நாள் முழுக்க ஒரு கீறலுக்குப் பயந்தவர் மனைவிக்குக் காட்ட வைத்திருந்த ஒரே படத்தை அறுபத்து நாலு வீட்டுக்காரர்கள் முன்னால் கீறிக்கொண்டிருந்தார்.

தலைவர் என் காதருகே வந்து, "இது நிகழ்ச்சி நிரல்ல உண்டுமா?" என்று கேட்டார். உண்டு என்றேன். அவர் ஒலிபெருக்கியில், இப்போது படைப்பாளியும் அவர் துணைவியாரும் படத்தை நிறைவு செய்வார்கள் என்று அறிவித்தார். துணைவியார் அதுவரை சும்மாதான் நின்றிருந்தார். அறிவித்துவிட்டார்களே என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மற்றொரு பாதி நாரை எடுத்தார், ஸ்டூலில் ஏறினார்.

"அயுத்தித் தேய்க்காத. கை ஒரே அளவுல சுத்தணும்" என்றார் அவர் மேலிருந்து.

"எவர்சில்வர் தேய்க்க எனக்குச் சொல்லித் தராத" என்றார் அந்த அம்மா. "முப்பது வருசமா நானும் அத்ததான் பண்றேன்."

 இரண்டு மணி நேரம் ஆனது. மேலிருந்து அவர் வட்டமும் கீழிருந்து அந்த அம்மா வட்டமும் வந்து நடுவில் சேர்ந்தன. அந்த அம்மாவின் வட்டங்கள்தான் சீராக இருந்தன. அதை அவரும் கவனித்தார், நானும் கவனித்தேன். நிறம் ஒரு சுற்று மங்கிவிட்டது, சிவப்பு கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி ஆகிவிட்டது. அழகாக இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் பனிமூட்டத்தை விளக்கியவன் சொல்வதற்கு என்ன மதிப்பு என்று வாயைத் திறக்கவில்லை.

துடைத்து முடித்ததும் அந்த அம்மா இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "பெருசாத்தான் பண்ணிக்கீற" என்றார். நம்மவர் முகத்தில் அன்று வந்ததை நான் என் குறிப்பேட்டில் எழுதவில்லை, எழுத வரவில்லை. அடுத்து எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். தோள்பையிலிருந்து ஒரு புதுக் கவர்ச் சுருளை எடுத்தார்.

"மறுபடியுமா?" என்றார் அந்த அம்மா.

"புதுசுடி" என்றார் அவர்.

முழங்கையால் குமிழி நீக்கி நீக்கிக் கவரை ஒட்டிவிட்டு, இருவரும் ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்கள். அடுத்த வருடம் எஸ்டேட்டில் அந்த இடத்தை விற்றுவிட்டார்கள். ஷெட் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனதாகக் கேள்வி. அவர் எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். கூடத்தில் மேற்கு வெயிலுக்கு இப்போது திரை போட்டிருக்கிறோம். கவரை உரிப்பதா வேண்டாமா என்பது சங்கக் கூட்டத்தில் நிலுவையில் இருக்கிறது.

விழா முடிந்த இரண்டாம் நாள் தேவகி கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, தான் தேய்த்தபோது நிறுத்தச் சொன்னேனே, அவர்கள் இரண்டு பேரும் அதையேதானே தேய்த்தார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு மூலையில் மட்டும் தற்செயலாக நேர்கிற கீறலுக்கும், முழுப் பரப்பிலும் ஒருவர் அறிந்து செய்கிற கீறலுக்கும் உள்ள வித்தியாசத்தை, உதாரணங்களோடு, அவருக்குப் புரியும்படி விளக்கினேன். அவர் துடைப்பக் கட்டையில் கையை ஊன்றிக்கொண்டு கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"என்ன வுட்டிருந்தா அரை மணில முடிச்சிருப்பேன் சார்" என்றார். "காப்பியும் ஆறியிருக்காது."